பாதி மொட்டை

என் பெயர் மதன்குமார். வயது இருபத்து மூன்று. கருமத்தம்பட்டியில் அக்பர் அலி அண்ணனின் பட்டறையில், கழற்றிப் போட்ட தறி இரும்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறார். வலது கையில் மாவுக்கட்டு. அதனால் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

அம்மா, சித்தப்பா, குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வரை நடந்தது உங்களுக்குத் தெரியும். கயல்விழி அக்காவை சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கும் கந்தப்பன் வீட்டில் கட்டிக்கொடுத்தோம். மூத்த மகன் அருண்குமாருக்கு நாற்பதை நெருங்குகிற வயது. கொங்கு நாடு முழுக்கப் பெண் தேடிக் கிடைக்காமல், புரோக்கர் நம் ஜவ்வாது மலை வரை ஏறி வந்தான். "அவங்களும் கவுண்டர்தானுங்க" என்று அவர்களிடம் சொன்னான். "எல்லா விஷயமும் சொல்லியாச்சு, அவங்களுக்குச் சம்மதம்" என்று நம்மிடம் சொன்னான். பையன் தருண் பிறந்தான். நானும் அதே குடோனில் தறி ஓட்ட வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தருணுக்கு மொட்டையும் காதுகுத்தும், தாய்மாமன் மடி என்னுடையது என்று சீர்த்தட்டுப் போட்டோ அனுப்பினேனே, அதுவரைதான் உங்களுக்கு விவரமாகத் தெரியும்.

அந்த ஞாயிறு இன்றைக்குத்தான்.

சூலூர் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். காலையிலேயே பந்தல் நிறைந்துவிட்டது. விமானப்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் தருண் அக்கா மடியில் துள்ளிக் கையை ஆட்டினான். அருண் மாமா அவனைவிட அதிகமாகச் சிரித்தார்.

கந்தப்பன் பெரியவர் என் தோளைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

"எம்மருமவ தம்பிங்க. தறியில கை வெச்சான்னா நூலு அறாதுங்க. நம்ம பையன்."

அவருடைய சின்ன மகன் சுரேந்தர் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி அலைந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையேதான். அவனுக்கும் பல வருடம் தேடி, காங்கயம் பக்கத்தில் லோகப்பிரியா என்ற பெண் கிடைத்து, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சென்னிமலை குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார்.

சமையல் பக்கம் பெரியவர் அவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"கவுண்டருங்கறது சும்மா வந்த பேரில்லீங்க. காமிண்டன்னு கல்வெட்டுலயே வெட்டியிருக்குது. நாட்டுக்குக் காவலிருந்தவன்னு அர்த்தம்."

"இப்பக் காவலிருக்க என்னங்க இருக்குது?" என்றார் சென்னிமலை. "காட்டையெல்லாம் சைட்டுப் போட்டு வித்தாச்சு. கல்லு நட்டதுக்கு வாட்ச்மேன்தான் இருக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, எனக்கு அந்தப் பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்தது. நம் மலையில் யார் கவுண்டர் இல்லை? சாமை விதைக்கிறவரும் கவுண்டர், தேன் எடுக்கிறவரும் கவுண்டர். வழக்குத் தீர்க்கிற பதவிக்கும் ஊர்க்கவுண்டர் என்றுதான் பெயர். அப்பா சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார், இப்போது சித்தப்பா இருக்கிறார். தருமபுரிப் பக்கம் போனால் வேறு ஆட்களுக்கு அதே பெயர். கர்நாடக எல்லை தாண்டினால் கவுடா. குடோனில் ஒடிசாப் பையன்கள் சம்பளம் கொடுக்கிற எவரையும் "கவுண்டரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரே பெயரை இத்தனை பேர் வைத்திருக்கிறோம், அதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை போட ஆரம்பித்தார்கள். தருண் அழுதான். அக்கா அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தோ, பிளேனு பாரு, பிளேனு பாரு" என்றாள். நாவிதர் இடது பக்கத்தை வழித்து முடித்தார். காதுகுத்துக்கு என் மடிக்கு வரவேண்டும் என்று நான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கம்மல் இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன.

அப்போதுதான் சென்னிமலை வந்து என் தோளில் கை வைத்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏனுங் தம்பி, நீங்க காடை கூட்டம்னு புரோக்கரு சொன்னானாமா. நாங்களும் காடைதான் கண்ணு. அப்ப நாம பங்காளியாச்சே! எந்தக் காணி? கோயலு எந்தூர்ல?"

இங்கே கவுண்டர் என்றால் மட்டும் போதாது. கூட்டம் என்று ஒன்று வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பூர்வீக ஊர் ஒன்று உண்டு, அதுதான் காணி. அங்கே கோயில் இருக்கும். அதைச் சொன்னால்தான் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று பிரிப்பார்கள். இந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்கிறது. என்னை மட்டும் யாரும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்துதான் பெண் எடுத்தார்கள், அதனால்தான் கேட்கவில்லை என்று நம்பியிருந்தேன். புரோக்கர் நம் தலையில் ஒரு கூட்டத்தை ஒட்டி வைத்திருக்கிறான் என்பதே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"கூட்டமெல்லாம் எங்களுக்கு இல்லீங்க" என்றேன். "ஜவ்வாது மலைங்க. மலை மேல காளியம்மா கோயிலு."

"மலையில தோட்டம் கீட்டம் வாங்கிப் போட்டிருக்கறீங்களா?"

"இல்லீங்க. மலைதாங்க எங்க ஊரு. தாத்தன், முப்பாட்டன் எல்லாம் அங்கதான்."

"மலைக்காரங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தோளில் இருந்த கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். இன்று விழுந்த முதல் அடி அது.

பிறகு பெரியவரைப் பார்த்து, "ஏனுங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கோணும்" என்றார். அவ்வளவுதான். பெண் வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாமா, நில்லுங்க! எங்களுக்கே தெரியாதுங்க!" சுரேந்தர் பின்னாலேயே ஓடினான். கார் கதவைப் பிடித்தான். சென்னிமலை அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கார் போய்விட்டது.

திரும்பி வந்தவன் சீர்த்தட்டை உதைத்தான். ஆப்பிளும் வெல்லமும் மண்ணில் உருண்டன. இன்னொரு தட்டைக் கையில் எடுத்து, அதன் விளிம்பால் என் முகத்தில் அடித்தான். கீழ் உதடு கிழிந்து, பல்லில் இரும்பு ருசி. எழுவதற்குள் நெஞ்சில் உதைத்தான். பந்தல்காலைப் பிடித்தேன், பந்தல்காலோடு சாய்ந்தேன்.

"யார்றா நீயி? யாரு ஊட்ல சோறு திங்கறே?"

அருண் மாமா குறுக்கே வந்தார். அவருக்கும் ஒரு அறை விழுந்தது. அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை.

இந்தக் கலவரத்தில் அக்காவின் மாமியார் பழனாத்தாள், அக்கா மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மொட்டைய முடிச்சரட்டுமுங்களா?" என்று நாவிதர் கத்தியோடு நின்று கேட்டார்.

பிள்ளையின் தலையில் ஒரு பக்கம் வெறுமை, ஒரு பக்கம் சுருட்டை முடி. அப்படியே காரில் ஏற்றினார்கள். அக்கா ஓடிப் போய்க் கதவில் தொங்கினாள். வண்டி நகர்ந்தது. அருண் மாமா மறுபக்கக் கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். சேலை முந்தானை வெளியே மாட்டிக்கொண்டு ரோட்டில் இழுபட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டே நான் என் பைக்கைக் கிளப்பினேன்.

சோமனூர் போய்ச் சேர்ந்தபோது குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விசேஷம் என்று தறியை நிறுத்துகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அக்பர் அலி அண்ணன் ஒரு தறிக்கடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"காதுகுத்துன்னாங்க. உனக்கு வாயக் குத்தி அனுப்பியிருக்கறாங்க?"

வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் நூல் மூட்டை அடுக்குகிற அறை இருக்கிறது. அதற்கு ஒரு ஜன்னல், குடோனைப் பார்த்தபடி. அந்த ஜன்னலில் அக்கா தெரிந்தாள். காரைவிட்டு இறங்கியதுமே மாமியார் கையைக் கடித்துப் பிள்ளையைப் பிடுங்கி, அந்த அறைக்குள் ஓடித் தாழ்போட்டுவிட்டாளாம். கதவுக்கு முட்டுக்கொடுக்க நூல் மூட்டைகளை இழுத்துப் போட்டிருந்தாள்.

வாசலில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"தம்பி, உம்மேல எனக்குக் கோவமில்ல. புரோக்கரு ஏமாத்திப்போட்டான். உங்கக்காளக் கூட்டிட்டுப் போயிரு. நகையெல்லாம் எடுத்துக்கட்டும்."

"தருணுங்க?"

"அவன் எங்க கூட்டம். அப்பனுக்கு என்ன கூட்டமோ அதுதான் புள்ளைக்கு. அவன் எங்கியும் வரமாட்டான்."

"பால்குடி மறக்காத புள்ளைங்க."

"எங்கூட்ல மாடு இருக்குது."

பழனாத்தாள் திண்ணையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு மேல் அக்காவின் பல் வரிசை வட்டமாகச் சிவந்திருந்தது. "ராட்சசி" என்றார்.

சுரேந்தர் கடப்பாரையோடு நூல் அறைக் கதவுக்குப் போனான். முதல் இடியில் பலகை கீறியது. உள்ளே பிள்ளை வீறிட்டான். நான் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். வேறு என்ன செய்திருக்க முடியும் அம்மா?

கடப்பாரையைப் போட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்தான். குடோனுக்குள் இழுத்துப் போனான். ஓடுகிற தறிகளுக்கு நடுவில், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காத இடத்தில், ஒரு தறியின் இரும்புச் சட்டத்தின் மேல் என் வலது கையை முழங்காலால் அழுத்தினான். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டை ஒன்று உதிரியாகக் கிடந்தது. அதை எடுத்தான்.

வாயை என் காதோடு வைத்தான்.

"இனி அந்தப் பேரை உம்பட பேருக்குப் பின்னால சொல்லுவியா?"

"எங்கப்பன் பேருங்க அது."

கட்டை இறங்கியது. சுண்டு விரல்.

"நீ கவுண்டனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு அடி. இந்தத் தடவை விரல் எது என்று தெரியவில்லை, கை முழுக்க ஒரே நெருப்பு.

"நான் கவுண்டன் இல்லைன்னு சொல்றா!"

சொல்லிவிட்டேன் அம்மா. வலியில் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்றா? கேக்கல!" என்று மறுபடி ஓங்கினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன.

"நான் கவுண்டன் இல்லீங்க!"

அந்த அமைதியில் என் குரல் மட்டும் தகரக் கூரையில் மோதியது. ஒடிசாப் பையன்கள், அக்பர் அண்ணன், பெரியவர், எல்லாருக்கும் கேட்டது. மெயின் சுவிட்சில் கை வைத்தபடி அருண் மாமா நின்றுகொண்டிருந்தார்.

ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுகை இல்லை. அடுப்பில் பால் பொங்கும்போது என்னை அதட்டுவாளே, அந்தக் குரல்.

"டேய் மதனு! யார் கேட்டாலும் அப்பா பேரைச் சொல்லுடா! இவங்க வச்சிருந்தா இவங்களுக்கு. நம்ம அப்பன் பேரு நமக்கு!"

சுரேந்தர் ஜன்னல் பக்கம் திரும்பினான். அருண் மாமா நடந்து வந்து அவன் முன் நின்றார்.

"கட்டையக் கீழ போடு."

"என்ற கல்யாணம் போச்சுண்ணா! உனக்குப் புரியுதா? ஊர்ல தலை காட்ட முடியாது!"

"பத்து வருசம் எனக்குப் பொண்ணு தேடுனாங்க. எந்தக் கூட்டம்டா குடுத்துது? அவ வந்துதான் இந்த ஊட்ல வெளக்கு எரியுது. போடு கீழ."

சுரேந்தர் கட்டையைக் கீழே போடவில்லை. அண்ணன் தலையில் போட்டான். நெற்றிப்பொட்டில் தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அருண் மாமா விழவில்லை. பக்கத்துத் தறியிலிருந்து நாடாவை உருவினார். இரு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும், உங்களுக்கு வீடியோவில் காட்டியிருக்கிறேன். அதைத் தம்பியின் தோளில் குத்தினார். கோழியை அடிக்கச் சொன்னாலே ஒதுங்கிப் போகிற மனுஷன். சுரேந்தர் அலறினான். தறியில் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளைப் பாவு நூலில் இரண்டு பேர் ரத்தமும் தெறித்தது. பழனாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். பெரியவர் நாற்காலியைவிட்டு எழுந்தார், எழுந்த இடத்திலேயே நின்றார்.

"மாப்ளே, போயிரு" என்றார் அருண் மாமா, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே. "நீ இங்க நின்னா இவன் உன்னையக் கொன்னுபோடுவான். நான் இருக்கறேன்."

நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"அக்கா, வா. குடோன் பின் கதவால போயிடலாம்."

"வரமாட்டேன்டா. நான் வாசப்படி தாண்டணும்னுதான் இவ்வளவு அடியும். தாண்டினா புள்ள அவங்களுக்கு. நான் இங்கியே இருக்கேன். நீ போய் கையக் கட்டு."

கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். அவள் இடுப்பில் தருண், பாதி மொட்டையோடு, அழுகையை நிறுத்திவிட்டு என் கம்மல் இருந்த பையைப் பிடித்து இழுத்தான்.

அக்பர் அண்ணன் என்னைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் மூன்று விரல் முறிந்திருக்கிறது என்றார். அண்ணன் போலீசுக்கு போன் அடித்தார். ஜீப் போயிருக்கிறது. "அண்ணந்தம்பி சண்டைங்க, தீந்துபோச்சு" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஜீப் திரும்பிவிட்டது. நாளைக்கு எழுதிக் கொடுத்தே தீரவேண்டும் என்கிறார் அண்ணன்.

டீ வாங்கி வந்து எனக்கு ஊதிக் கொடுத்தார்.

"இந்த ரோட்டுல பேருக்குப் பின்னால ஒண்ணும் இல்லாதவன் நான் ஒருத்தன்தான்டா. என்னைய எவனும் காணி கேக்க மாட்டான்."

"உங்களைக் கேக்கவே மாட்டாங்களாண்ணா?"

"கேப்பாங்க. அது வேற கேள்வி. குடி, ஆறிப்போவுது."

சித்தப்பா, நான் அடிபட்டதை மட்டும் அக்பர் அண்ணன் போனில் சொன்னதும் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். டெம்போ பேசியாயிற்று, ஆளுக்கு ஒரு கொடுவாளோடு இறங்குகிறோம் என்கிறீர்கள். பின்னால் மாமன்கள் கத்துகிற சத்தமும் கேட்கிறது. பதில் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சற்று முன், அருண் மாமா நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது.

தருண். தலை முழுக்க வழித்துச் சந்தனம் பூசியிருக்கிறது. காதுக்கு மேல் சின்னக் கீறல். பின்னால் நூல் மூட்டைகள். கீழே எழுதியிருக்கிறது: "மொட்டை முடிஞ்சுது. காது குத்த மாமன் மடி வேணும். வா."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது அருண்குமார் போனு. அருண்குமாரு அனுப்புனதான்னு எப்படிச் சொல்றது?"

பிள்ளையின் தாடையை ஒரு கை பிடித்திருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் வட்டமாகப் பல் தடம். பழனாத்தாளின் கை.

அப்படியானால் நூல் அறைக் கதவு திறந்துவிட்டது. அக்கா திறந்தாளா, கடப்பாரை திறந்ததா? அந்தக் கை பேரனைக் கொஞ்சுகிறதா, பிடித்து வைத்திருக்கிறதா? படத்தில் அக்கா இல்லை. அருண் மாமாவுக்குத் திரும்பத் திரும்ப அடிக்கிறேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை.

நான் போகிறேன். அக்பர் அண்ணன் வண்டியை வெளியே எடுத்துவிட்டார். சீர்த்தட்டில் மிஞ்சியது கம்மல் மட்டும்தான், அது பையில் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், விரல்களைப் பற்றிய இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: டெம்போவை நிறுத்த வேண்டாம், கொடுவாளை மட்டும் மலையிலேயே வைத்துவிடுங்கள். கொடுவாளோடு வந்தால், மலைக்காரன் வெட்ட வந்தான் என்று சொல்லிப் பிள்ளையை வைத்துக்கொள்வார்கள். ஊர்க்கவுண்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, புதுசாக மாமன் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு, பெண்களையும் கூட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அந்த வாசலுக்கு வாருங்கள்.